பின்வரிசைப் பிள்ளை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சற்று முன்னர் இம்மேடையில் நம் குழந்தைகள் பாடினார்கள், ஆடினார்கள், குறட்பாக்களை ஒப்பித்தார்கள். தெலுங்கு பேசும் நாட்டில் பிறந்து வளரும் பிள்ளைகள் தமிழை இத்துணைத் தெளிவாக ஒலிப்பதைக் கேட்டு நம் நெஞ்சம் பூரித்தது. கைதட்டல் ஓய்ந்தபின் ஒரு நினைவு எழுந்தது. நம் குடியிருப்பில் உள்ள பிள்ளைகள் எல்லோரும் இம்மேடையில் ஏறினார்களா? ஏறாத பிள்ளைகள் எங்கே இருக்கின்றார்கள்? ஒரு பிள்ளை பந்தலின் கடைசியில் தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு நிற்கின்றது. மற்றொரு பிள்ளை விழாவுக்கே வராமல் வீட்டில் பாட்டியின் காவலில் இருக்கின்றது. வகுப்பறையிலும் இப்பிள்ளைகளுக்குக் கிடைத்த இடம் பின்வரிசையே. இன்று அவர்களைப் பற்றியே சில சொற்கள் கூற விரும்புகின்றோம்.

கண், காது, கை கால், பேச்சு, அறிவு வளர்ச்சி, எழுத்தறியும் ஆற்றல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றிலோ பலவற்றிலோ தடை உடையவர்களைச் சிறப்புத் தேவையுடைய குழந்தைகள் என்று இக்காலத்தார் வழங்குகின்றனர். அத்தகைய குழந்தைக்குத் தொடக்கப் பள்ளி எவ்வாறு துணை நிற்க வேண்டும் என்பது எல்லா ஊர்க்கும் பொதுவான வினா. ஆனால், வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியுமாக வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இவ்வினாவில் தனிப்பட்ட ஓர் இடர் மறைந்து கிடக்கின்றது. அவ்விடரை இரண்டு நிகழ்ச்சிகளால் விளக்குகின்றோம்.

எங்கள் தெருவில் ஒரு சிறுவன் இருந்தான். ஐந்து வயதில் பள்ளியிற் சேர்ந்தான். ஆசிரியர் அழைத்தால் திரும்ப மாட்டான். கேட்டதற்கு விடை கூற மாட்டான். “வீட்டில் தமிழ் பேசுகின்றார்கள், ஆதலால் பையனுக்குத் தெலுங்கு வரவில்லை, போகப் போகச் சரியாகிவிடும்” என்றார்கள் பள்ளியில். அவன் தாயார் கவலையோடு எங்களிடம் வந்து கேட்டபோது, உண்மையை ஒளிப்பானேன், நாங்களும் அதையே சொன்னோம். “நம் பிள்ளைகள் எல்லோருக்கும் முதலாண்டு அப்படித்தான், அம்மா, பொறுத்திருங்கள்” என்று தேற்றி அனுப்பினோம். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஒருநாள் அடுக்களையில் பால் பொங்கி வழிந்து பாத்திரம் தரையில் விழுந்தது. வீடே அதிர்ந்தது, பக்கத்தில் முதுகு காட்டி அமர்ந்திருந்த சிறுவன் மட்டும் அசையவில்லை. தாயார் அப்போதுதான் உணர்ந்தார். மருத்துவரிடம் சென்று சோதித்ததில் இரு காதுகளிலும் கேள்வித் திறன் பெரிதும் குன்றியிருந்தது புலனாயிற்று. அவனுக்குத் தெலுங்கும் கேட்கவில்லை, தமிழும் கேட்கவில்லை. மொழி கற்கும் பருவத்தில் இரண்டு ஆண்டுகள் போயின. போன ஆண்டுகளை எவர் மீட்டுத் தருவார்?

மற்றொரு வீட்டில் ஒரு சிறுமி. அவள் நிலை இதற்கு நேர்மாறானது. வகுப்பில் வாய் திறவாதவள் என்றும் எழுத்துகளை மாற்றி எழுதுகின்றாள் என்றும் கூறி, அவளை மந்தபுத்தி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு மாலைப் பொழுதில் அச்சிறுமி தன் தம்பிக்கு நரியும் காக்கையும் கதையைத் தமிழில் கூறுவதைக் கேட்டோம். நரியின் குரல் வேறு, காக்கையின் குரல் வேறு. இடையிடையே தானே புனைந்த உரையாடல் வேறு. அவளிடத்தில் மந்தம் எங்கே இருக்கின்றது? தமிழில் ஒரு ககரமே உண்டு. தெலுங்கிலோ ககர வரிசையில் நான்கு எழுத்துகள். தெலுங்கின் பகரமும் வகரமும் வடிவில் ஏறத்தாழ உடன்பிறந்தவை. வீட்டில் தமிழ் ஒன்றையே கேட்டு வளர்ந்த குழந்தை இவற்றுள் தடுமாறுவது இயல்பு. அஃது அறிவின் குறையன்று, பழக்கத்தின் குறை.

அன்பர்களே! முதற் பிள்ளையிடம் இருந்த குறையை மொழி மறைத்தது. இரண்டாம் பிள்ளையிடம் இல்லாத குறையை மொழி கற்பித்தது. முன்னதில் உதவி வந்து சேரவில்லை. பின்னதில் பழி வந்து சேர்ந்தது. இரண்டினின்றும் காக்கும் வழி எளியது. குழந்தையை முதலில் அதன் தாய்மொழியில் கேட்க வேண்டும். பள்ளிமொழியில் மட்டும் தடுமாற்றம் இருந்து, தாய்மொழியில் கேட்டல், பேசல், புரிதல் யாவும் வயதுக்கேற்ப அமைந்திருந்தால், அக்குழந்தைக்கு வேண்டியது மொழிப் பயிற்சியும் காலமும். இரு மொழியிலும் ஒரே தடை தோன்றுமாயின், ஒரு நாளும் தாழ்த்தாமல் மருத்துவரையும் சிறப்பாசிரியரையும் நாட வேண்டும். இவ்வொன்றை நீங்கள் இல்லத்திற்கு எடுத்துச் செல்வீர்களாயின் இப்பேச்சின் பயன் நிறைந்தது என்போம்.

நாம் வாழும் மண்ணின் வரலாறும் இதனை வேண்டுகின்றது. வட ஆர்க்காடு, கடப்பை முதலிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது சித்தூர் மாவட்டம். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வேறு சில ஊர்கள் ஆந்திரத்தோடு சேர்ந்தன. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறின, மக்கள் நாவில் மொழிகள் கலந்தே இருந்தன. நகரியிலும் சத்தியவேட்டிலும் குப்பத்திலும் சந்தைக்குச் செல்வோர் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பதை நாம் நாள்தோறும் கேட்கின்றோம். இத்தகைய நாட்டுக்கெனவே நம் அரசமைப்புச் சட்டத்தில் 1956-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 350-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வழிப் பயிற்சிக்கு வேண்டிய வசதிகளைச் செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. சிறப்புத் தேவையுடைய குழந்தைக்கு இவ்வுரிமை இரு மடங்கு தேவை.

இனி, நல்ல தொடக்கப் பள்ளி செய்வது யாது என்று பார்ப்போம். பொருட்செலவு மிகுந்த கருவிகளைப் பற்றி நாம் பேசவில்லை. கூரையும் கரும்பலகையும் மனமுள்ள ஓர் ஆசிரியரும் இருந்தால் செய்யக் கூடியவை பல.

பார்வை குன்றிய குழந்தையை முன்வரிசையில், பலகையில் ஒளி பட்டுக் கூசாத பக்கத்தில் அமர்த்துவர், எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவர், எழுத்தைப் பெரிதாக்குவர். செவித்திறன் குன்றிய குழந்தை ஆசிரியரின் முகத்தையும் உதட்டையும் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்ளும். ஆதலின், ஆசிரியர் சாளரத்துக்கு முதுகு காட்டி நின்றால் முகத்தில் நிழல் விழும். பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினால் ஒன்றும் விளங்காது. ஒளி தம் முகத்தில் விழ நின்று, குழந்தையை நோக்கி, இயல்பான வேகத்தில் பேசுதல் வேண்டும். உரத்துக் கத்துவது உதவாது. கத்தும்போது உதட்டின் வடிவம் சிதையும்.

எழுத்தறிவதில் மட்டும் தடை உடைய குழந்தைகள் உளர். வாய்மொழியாகக் கேட்டால் பளிச்சென்று விடை கூறுவர். ஏட்டைக் கொடுத்தால் கலங்குவர். இதனை மேலை நாட்டார் டிஸ்லெக்சியா என்பர். இவர்களைச் சோம்பேறிகள் என்று அடிப்பது பெரும்பிழை. மணலில் விரலால் எழுதச் செய்தும், ஒலியையும் வடிவையும் ஒன்றாகப் பயிற்றியும், வாய்மொழித் தேர்வு வைத்தும், கூடுதல் நேரம் அளித்தும் இவர்களைக் கைதூக்கலாம். திண்ணைப் பள்ளியில் நம் முன்னோர் மணலில்தானே அரிச்சுவடி எழுதினர்!

அறிவு வளர்ச்சி தாழ்ந்த குழந்தைக்குப் பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரிக்க வேண்டும். ‘ஐந்து’ என்னும் எண் அதற்கு ஏட்டில் விளங்காது. ஐந்து புளியங்கொட்டைகள் கையில் இருந்தால் விளங்கும். தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வதும் தண்ணீர் கேட்டுக் குடிப்பதும் அக்குழந்தைக்குப் பாடங்களே. ஆட்டிசம் என்னும் தன்மை உடைய குழந்தைக்கு இரைச்சலும் திடீர் மாற்றமும் துன்பம் தரும். அன்றைய நாளின் நிகழ்ச்சிகளைப் படங்களாக வரிசைப்படுத்தி முன்கூட்டியே காட்டினால் அமைதி பெறும். நடக்க இயலாத குழந்தைக்கு வகுப்பறை வாயிலில் சாய்தளம் வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கட்டட நூலார் கூறும் கணக்கு. கழிப்பறையில் கைப்பிடி வேண்டும். சொல்லக் கூச்சமாக இருப்பினும் சொல்கின்றோம்: கழிப்பறை இன்மையால் பள்ளியை விட்டு நின்ற பெண் குழந்தைகள் பலர்.

இவை யாவும் நொண்டிக்கு ஊன்றுகோல் கொடுப்பது போன்ற கருணைச் செயல்கள் மட்டுமே என்று சிலர் நினைக்கலாம். அந்நினைவு பிழை என்பதற்கு இரண்டு சான்றுகள் உள. ஒன்று, இத்தாலி நாட்டு மருத்துவ அம்மையார் மரியா மாண்டிசோரி. அறிவுக் குறை உடையவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்கு அவர் தொட்டு அறியும் கருவிகளைக் கொடுத்துப் பயிற்றினார். அக்குழந்தைகளுட் சிலர் பிற குழந்தைகளோடு ஒப்பத் தேர்வில் தேறியபோது உலகம் அவரைப் புகழ்ந்தது. அவரோ, குறையற்ற குழந்தைகள் இவர்களுக்கு நிகராக மட்டும் நிற்கும்படி நம் பள்ளிகள் அவர்களை எவ்வாறு தாழ்த்தி வைத்திருக்கின்றன என்று வியந்தார். 1907-ஆம் ஆண்டில் உரோமாபுரியில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கி அதே முறையை எல்லாக் குழந்தைகளுக்கும் விரித்தார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவ்வம்மையார், உலகப் போர் காரணமாகப் பல ஆண்டுகள் நம் நாட்டிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். பின்வரிசைப் பிள்ளைக்காகக் கண்ட முறை முன்வரிசைப் பிள்ளைக்கும் உயர்ந்த முறையாயிற்று.

இரண்டாவது சான்று நம் வாசலிலேயே உள்ளது. ஜே. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1895-இல் பிறந்த மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளி இருக்கின்றது; 2022-ஆம் ஆண்டு மாவட்டப் பிரிவினை வரை அது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1980-களில் அங்குள்ள கல்வியாளர்கள் சுற்றுப்புறச் சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகளுக்கென ஒரு முறையை வகுக்கத் தொடங்கினர். பாடநூலைக் கலைத்துச் சிறு அட்டைகளாக்கினர். அட்டைகளை ஏணிப் படிகள் போல் வரிசைப்படுத்தினர். ஒவ்வொரு குழந்தையும் தான் நிற்கும் படியைத் தானே அறிந்து, அடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளும். காய்ச்சலால் பத்து நாள் வராத பிள்ளை பதினோராம் நாள் விட்ட படியிலிருந்தே ஏறும். விரைந்து கற்போர் விரைவர். மெல்லக் கற்போர் மெல்ல ஏறுவர். எவரும் ‘பெயில்’ ஆவதில்லை. சில அட்டைகளை ஆசிரியர் துணையோடும், சிலவற்றைத் தோழர் துணையோடும், சிலவற்றைத் தாமாகவும் கற்பர். இம்முறையிலிருந்து ஊக்கம் பெற்றே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. 2007-இல் அது தமிழ்நாடெங்கும் பரவி, பின்னர்ப் பல மாற்றங்களைப் பெற்றது. சித்தூர் மண்ணில் விதைத்தது தமிழகத்தில் விளைந்தது என்று நாம் பெருமையோடு சொல்லலாம். சிறப்புத் தேவையுடைய குழந்தைக்கு இவ்வேணியைக் காட்டிலும் நல்ல நண்பன் இல்லை. ஏனெனில் அது பக்கத்துப் பிள்ளையோடு அக்குழந்தையை ஒப்பிடுவதில்லை.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரிக் குழு, குறையுடைய குழந்தைகளின் கல்வி பொதுக் கல்வியின் பிரிக்க இயலாத பகுதியாதல் வேண்டும் என்று கூறிற்று. 1994-இல் ஸ்பெயின் நாட்டுச் சலமங்கா நகரில் 92 நாடுகளின் பேராளர்கள் கூடி, எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளியின் கதவு திறந்திருத்தல் வேண்டும் என அறிக்கை விடுத்தனர். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கிற்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், முன்னைய சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை இருபத்தொன்றாக விரித்தது; எழுத்தறியும் குறையும் ஆட்டிசமும் அவற்றுள் அடங்கும். குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாத குழந்தை, ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை அண்மைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, தான் விரும்பும் ஒன்றில் கட்டணமின்றிக் கற்கலாம்.

சட்டம் ஏட்டில் இருக்கும். பள்ளியில் இருப்பது யாது? நம் மாநிலத்தில் மண்டல அளவில் ‘பவிதா’ என்னும் மையங்கள் இயங்குகின்றன. தெலுங்கில் அச்சொல்லுக்கு எதிர்காலம் என்பது பொருள். நேரே பள்ளியிற் சேர்க்க இயலாத குழந்தைகளை அங்கே சிறப்பாசிரியர்கள் பயிற்றிப் பள்ளிக்கு ஆயத்தம் செய்கின்றனர். குறித்த நாள்களில் இயன்முறைப் பயிற்சி உண்டு. எழுந்து வர இயலாத குழந்தையின் இல்லம் தேடி ஆசிரியர் செல்வதும் உண்டு. சதரம் முகாமில் மருத்துவர் சான்று பெற்றால் உதவித் தொகைகளும் கருவிகளும் பெற வழி பிறக்கும். பள்ளிக்கு அழைத்துச் செல்லும் துணைவர்க்கு ஒரு தொகை உண்டு. பெண் குழந்தைகளுக்குத் திங்கள் தோறும் 200 ரூபாய் வீதம் ஆண்டிற்குப் பத்துத் திங்கள் உதவித் தொகை, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வகுக்கப்பட்டுள்ளது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து பார்க்க வேண்டும். அக்குழு வரும் நாளில் உங்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தவறாதீர்கள்.

குறையும் உண்டு, அதையும் கூறவேண்டும். சிறப்பாசிரியர் தொகை போதாது. தொடக்கப் பள்ளி வகுப்புகளில் சிறப்புத் தேவையுடைய பத்துக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியரும், அவற்றுக்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவரும் வேண்டும் என்னும் அளவை 2021-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் எடுத்துரைக்க நேர்ந்தது. அவ்வளவு எட்டும் வரை, வகுப்பாசிரியரும் பெற்றோரும் நம்மைப் போன்ற சங்கத்தாரும் இடைவெளியை நிரப்பியாக வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். பொதுப் பள்ளி நல்லதா, சிறப்புப் பள்ளி நல்லதா? ஒரே விடை எல்லோர்க்கும் பொருந்தாது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கெனத் திருப்பதியில் ஒரு பள்ளியை நடத்தி வருகின்றது. சைகை மொழியில் தடையின்றி உரையாடும் தோழர் கூட்டம் அத்தகைய பள்ளியில் கிடைப்பது போல் வேறெங்கும் கிடைப்பதரிது. எலும்பு, மூட்டுக் குறைகளுக்குத் தேவஸ்தானத்தின் ‘பர்டு’ மருத்துவமனை இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய எண்ணற்றோரை நிமிர்ந்து நடக்கச் செய்த புகழுடையது. மறுபுறம், சிறு துணை கிடைத்தாலே அண்ணனும் அக்காளும் படிக்கும் பள்ளியிற் படிக்க வல்ல குழந்தையைத் தொலைவில் உள்ள விடுதிக்கு அனுப்புவது எதற்கு? குழந்தையின் தேவையே அளவுகோல். நம் கூச்சம் அளவுகோலாதல் கூடாது.

கூச்சம் என்ற சொல்லைச் சொன்னோம். அதனிடமும் சற்று நிற்போம். நாம் வாழ்வது ஏழுமலையான் திருவடி நிழலில். வாய் பேசாக் குழந்தையைத் தோளிற் சுமந்து, முடி காணிக்கை நேர்ந்து, மலையேறி வரும் தாய்மாரை நாள்தோறும் காண்கின்றோம். அவர்தம் கண்ணீரை எள்ளி நகையாட எவர்க்கும் உரிமையில்லை. நேர்த்தியைச் செலுத்துங்கள், அதே பயணத்தில் அடிவாரத்தில் குழந்தையின் காதையும் சோதித்துவிடுங்கள். அந்தக் கோயிலின் தேவஸ்தானமே பள்ளியும் மருத்துவமனையும் நடத்துகின்றது என்றால், வேண்டுதலும் சிகிச்சையும் பகையல்ல என்பதற்கு வேறு சான்று எதற்கு? ஆனால் ‘முன்வினை’ என்றும், ‘தாய் செய்த பாவம்’ என்றும் கூறும் வாயை நாம் அடைத்தேயாக வேண்டும். வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் பழி எது, பழியன்று எது எனப் பிரித்துக் காட்டும் ஒரு குறளில் ‘பொறி’ என்னும் சொல் வருகின்றது. அதனை ஊழ் என்று கொண்ட உரையாசிரியரும் உளர். உடலுறுப்பு என்று கொண்டோரும் உளர். எவ்வாறு கொண்டாலும், முயலாமையே பழி என்பது அவர் தீர்ப்பு. குழந்தையிடம் பழியில்லை. அறிந்தும் முயலாத நம்மிடமே பழி.

‘இப்பிள்ளைகளை ஒன்றாக அமர்த்தினால் எங்கள் பிள்ளையின் படிப்புக் கெடுமே’ என்று சில பெற்றோர் முணுமுணுப்பதையும் கேட்டிருக்கின்றோம். அவர்களுக்கு நம் இலக்கிய வரலாறே விடை கூறும். ஏகாம்பரநாதர் உலாப் பாடிய இரட்டைப் புலவர்களுள் ஒருவர் பார்வையற்றவர். மற்றவர் நடக்க இயலாதவர். பார்வையற்றவர் தோளில் மற்றவர் அமர்ந்து வழி காட்ட, இருவரும் ஊர் ஊராகச் சென்றனர் என்பது மரபு. ஒருவர் பாட்டின் முற்பாதியைக் கூற, மற்றவர் பிற்பாதியை முடிப்பாராம். வகுப்பறையிலும் அவ்வாறே. பக்கத்துத் தோழனுக்கு ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுக்கும் பிள்ளை, அக்கணக்கைத் தானும் ஐயமறக் கற்கின்றது. பொறுத்தலும் பகிர்தலும் எந்தப் பாடநூலில் கிடைக்கும்?

மற்றுமொரு தவறான அறிவுரையைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். குழந்தை பேசத் தாழ்த்தால், ‘வீட்டில் தமிழை நிறுத்துங்கள், பள்ளிமொழியை மட்டும் பேசுங்கள்’ என்று சிலர் கூறுவர். இரண்டு மொழி கேட்டு வளர்வதனால் பேச்சுக் குறை தோன்றுவதில்லை என்பதே ஆய்ந்தவர் முடிபு. தாயும் பாட்டியும் இயல்பாகப் பேசும் மொழியை நிறுத்திவிட்டால், திக்கித் திணறிப் பேசும் அரைகுறை மொழியே குழந்தையின் காதில் விழும். தாலாட்டும் கதையும் கொஞ்சு மொழியும் நின்றுபோகும். பேசத் தடுமாறும் குழந்தைக்கு நிறைந்த மொழி வேண்டும். வறண்ட மொழி வேண்டா. பள்ளியில் தெலுங்கை நன்கு கற்கட்டும். அது நமக்குச் சோறிடும் நாட்டின் மொழி, இனிய மொழி. இல்லத்தில் தமிழ் நிற்கட்டும்.

இறுதியாக, இச்சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம். குழந்தையைச் சோதனைக்கு அழைத்துச் செல்லும் தாய்க்குத் தெலுங்கு போதாவிடில், இரு மொழியும் அறிந்த ஒருவர் உடன் சென்று, குழந்தையைத் தமிழில் கேட்டு, விடையை மருத்துவர்க்கும் ஆசிரியர்க்கும் எடுத்துரைத்தல் முதலாவது. சங்கத்தின் படிப்பகத்தில் பெரிய எழுத்துக் கதை நூல்களும் படங்களும் தொட்டுக் கற்கும் பொருள்களும் கொண்ட ஓர் அலமாரி அமைத்தல் இரண்டாவது. ஞாயிறு தோறும் நடக்கும் தமிழ் வகுப்பில் இக்குழந்தைகளுக்கும் இடமளித்தல் மூன்றாவது. செவிடன், ஊமை, நொண்டி, மந்தம் என்னும் பட்டப் பெயர்களை நம் தெருக்களிலிருந்து ஒழித்தல் நான்காவது. நான்காவதற்குக் காசு ஒன்றும் செலவில்லை. ஆயினும் அதுவே நான்கினுள்ளும் கடினம்.

முன்னே கூறிய சிறுவனைப் பற்றி உங்களுக்குக் கவலை இருக்கும். காதுக்குக் கருவி பொருத்தியபின் மெல்ல மெல்ல ஒலிகளை அறியத் தொடங்கினான். தமிழில் முதலில் சொன்ன சொல் ‘மழை’. கூரைமேல் மழை விழும் ஓசையை ஏழு வயதில் முதன்முறையாகத் தெளிவாகக் கேட்டு, வாசலுக்கு ஓடி நின்று அச்சொல்லைச் சொன்னான் என்று அவன் தாயார் எங்களிடம் கூறினார். அவன் ழகரம் இன்னும் திருந்தவில்லை. ஆனால் அன்று ‘பொறுத்திருங்கள்’ என்று சொன்ன எங்கள் நா, அச்சொல்லைக் கேட்டு நாணிற்று. இன்று இம்மேடையில் நிற்கும் துணிவும் அந்நாணத்திலிருந்தே பிறந்தது.

அடுத்த ஆண்டு இவ்விழா நடைபெறும்போது இம்மேடைக்கு ஒரு சாய்தளம் அமைப்போம். பந்தலின் கடைசியில் நிற்கும் பிள்ளையும் வீட்டில் விடப்பட்ட பிள்ளையும் அதன் வழியே ஏறி வரட்டும். ஒரு சொல்லே சொல்லட்டும். சைகையால் ஒரு வணக்கமே தெரிவிக்கட்டும். இன்று எழுந்த கைதட்டலைவிடப் பெரிய கைதட்டல் அன்று எழும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

வாழ்க நம் குழந்தைகள்! வளர்க நம் சங்கம்!